உப்புக் காற்றும் எர்த் கேபிளும்

மண்டபத்தில் என் வீட்டு வாசலில் நிற்கும் பழைய சிறிய கார், பேட்டரி புதிதாக இருந்தும், சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஒலியோடு நின்றுவிடும். முகப்பு விளக்குகளும் மங்கிவிடும். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொன்னார்கள். ஆனால் பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் இருபுறமும் சூழ்ந்து, உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும் ஊரில், முதலில் சந்தேகிக்க வேண்டியது, பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உலோக பாடியோடும் எஞ்சினோடும் இணைக்கும் எர்த் கேபிளைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, மகனை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய அளவு 2 வோல்ட்டைத் தாண்டியது; அதாவது, மின்னழுத்தம் எர்த் வழியிலேயே வீணாகிறது. கேபிளைக் கழற்றியபோது, பாடியில் போல்ட் இறுகும் இடத்தில் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. உறையைக் கீறினால், உள்ளே செம்புக் கம்பிகள் பச்சை பூத்துப் பொடிந்திருந்தன. வெளியே எந்த அறிகுறியும் இல்லை.

துருப்பிடித்த இடத்தை உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, அதே தடிமனுள்ள புதிய கேபிளை இறுக்கி, இணைப்பின் மேல் வாஸ்லின் (பெட்ரோலியம் ஜெல்லி) தடவினேன். கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலிலும், மாட்டும்போது அதையே கடைசியிலும் கையாள வேண்டும். இப்போது வண்டி முதல் திருப்பிலேயே கிளம்புகிறது. தனுஷ்கோடி போய்வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன்.