நாட்டுக்கோழியை வீட்டிலேயே அறுத்துச் சுத்தம் செய்ய

ஞாயிற்றுக்கிழமை குழம்பு என்றால் வேலை சனிக்கிழமை இரவே தொடங்கிவிடும். கூட்டில் அடைத்த பிறகு 8 முதல் 12 மணி நேரம் இரை போடக் கூடாது, தண்ணீர் மட்டும் வைக்கலாம். இரை நிறைந்த குடல் கத்தி முனை பட்டாலே கிழிந்து கறியெல்லாம் அசிங்கமாகும். தூங்கி வழிகிற கோழி, மூக்கு ஒழுகுகிற கோழி, வெள்ளையாகக் கழிகிற கோழி இவற்றில் கை வைக்க வேண்டாம். 'சாவதற்குள் அறுத்துவிடலாம்' என்று பல வீடுகளில் செய்கிறார்கள்; அறுக்கிற கைக்குத்தான் முதலில் நோய் ஒட்டும்.

கால்களைக் கட்டித் தலைகீழாகப் பிடித்து, இறக்கை அடிக்காமல் உடம்போடு சேர்த்து அணைத்துக்கொண்டால் கோழி சற்று நேரத்தில் அடங்கும். தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் இரண்டு பக்க ரத்தக்குழாயும் ஒரே இழுப்பில் அறுபட வேண்டும். மழுங்கிய கத்தியால் கோழிக்கும் வதை, ரத்தமும் சரியாக வடியாது. 2 நிமிடம் தொங்கவிட்டு, துடிப்பு முற்றிலும் நின்ற பிறகே தண்ணீரில் போடவும். ரத்தம் வடியாத கோழிக்கு இறக்கை நுனி சிவந்திருக்கும். கறியும் சீக்கிரம் கெடும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது வெந்நீரில்தான். தளதளவென்று கொதிப்பதை அப்படியே ஊற்றினால் தோல் வெந்து, இறகோடு சேர்ந்து உரிந்துவரும். சூடு போதவில்லை என்றால் இறகு நடுவில் ஒடிந்து அடிக்குருத்து தோலுக்குள்ளேயே நிற்கும். தேவையானது 60 முதல் 65 டிகிரி. வெப்பமானி வேண்டாம்; கொதித்த நீர் ஒரு வாளிக்கு அதே அளவு குழாய்த் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். காலைப் பிடித்து முழுதாக அமுக்கி, மேலும் கீழும் அசைத்துக்கொண்டே ஒரு நிமிடம் வைக்கவும். வால் இறகை இழுத்துப் பாருங்கள். முரண்டு பிடிக்காமல் வந்தால் போதும். முதலில் இறக்கையையும் வாலையும் பறிக்க வேண்டும், ஆறினால் அவைதான் படுத்தும்.

பிறகு மஞ்சள் தடவித் தீயில் வாட்டினால் பூனைமயிர் பொசுங்கும். காய்ந்த தென்னோலைத் தீ நல்லது, கேஸ் அடுப்பும் பரவாயில்லை. வாட்டியதும் தேய்த்துக் கழுவவும்.

வால் நுனிக்கு மேலே மஞ்சளாகத் திரண்டிருக்கும் எண்ணெய்ச் சுரப்பியைத் தோண்டி எடுத்துவிடுங்கள். குழம்பில் வரும் ஒருவித வாடைக்கு அதுதான் பெரும்பாலும் காரணம். கழுத்தடித் தோலைக் கீறித் தீனிப்பையைக் கிழியாமல் பிரிக்கவும். அப்புறம் கழிவுத் துளையைச் சுற்றி மேலாக மட்டும் அறுத்து, நெஞ்செலும்பின் உட்பக்கமாக விரல்களை ஒட்டி நுழைத்து, எல்லாவற்றையும் ஒரே பிடியில் வெளியே இழுக்க வேண்டும்.

ஈரலோடு ஒட்டியிருக்கும் கரும்பச்சைப் பை பித்தப்பை. அதை மட்டும் தனியே கிள்ளப் பார்க்காதீர்கள், ஒட்டியுள்ள ஈரலில் கொஞ்சம் போனாலும் போகட்டும் என்று சேர்த்தே வெட்டி எறியுங்கள். உடைந்துவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவி, பச்சை படிந்த இடத்தைச் சீவிவிடவும். விட்டால் அந்தத் துண்டு கசக்கும். அரைவைப்பையைப் பாதியாகப் பிளந்து, கல்லையும் மண்ணையும் கொட்டி, உள்ளே இருக்கும் மஞ்சள் தோலை நகத்தால் நெம்பினால் முழுசாக உரியும். விலா எலும்புக்கு நடுவே ஒட்டியிருக்கும் நுரையீரலையும் விரலால் சுரண்டி எடுக்க மறக்க வேண்டாம்.

துண்டு போடும்போது மூட்டைத் தேடுங்கள். தொடையை வெளிப்பக்கம் மடக்கினால் மூட்டு 'டக்'கென்று விலகும்; அங்கே கத்தி தானாக இறங்கும். எலும்பை வெட்டியே ஆக வேண்டிய இடத்தில் கனமான கத்தியால் ஒரே வெட்டு. நாலைந்து தடவை கொத்தினால் எலும்புச் சில்லு கறியில் கலந்து பல்லைப் பதம் பார்க்கும்.

உயிரோடு ஒன்றரைக் கிலோ இருந்த கோழியில் ஏறக்குறைய ஒரு கிலோ கறி தேறும். அறுத்து ஓரிரு மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும், அப்போது அடுப்பில் ஏற்றினால் ரப்பர்தான். ஒன்று சூடு ஆறுமுன் சமைக்க வேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் 5, 6 மணி நேரமாவது வைத்துப் பிறகு எடுக்க வேண்டும். இறகையும் குடலையும் இரண்டடிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடவும். மேலாகப் புதைத்தால் இரவே தெருநாய் தோண்டிவிடும்.