மலையில் ஒரு கிரிமினல் கேஸ் வந்தால்: எஃப்.ஐ.ஆர். முதல் வக்காலத்து வரை

வீட்டில் ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் நம் நீலகிரிப் பக்கம் முதலில் போன் போவது அரசியல் கட்சிக்காரருக்கு, இல்லையென்றால் எஸ்டேட்டில் செல்வாக்கான யாருக்காவது. அவர்கள் வரட்டும், ஆறுதலாக இருக்கும். ஆனால் கேஸ் நடக்கப்போவது கோர்ட்டில். அதனால் ஸ்டேஷனில் வழக்குகளை எழுதிவைக்கும் போலீஸ்காரரான ரைட்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டாயிற்றா, எந்தெந்தப் பிரிவு என்பதுதான். சில சமயம் வெறும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டிருப்பார்கள். அது புகார் வந்ததற்கான பதிவு, வழக்கு இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமலேயே பலர் ஜாமீன் செலவுக்கு நகையை அடகு வைத்துவிடுகிறார்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் அதன் நகலை வாங்குங்கள். பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது. சிக்னல் கிடைக்காத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை தளர்வு உண்டு, பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

நகலில் பிரிவு எண்களைப் பாருங்கள். 2024 ஜூலை 1-இலோ அதற்குப் பிறகோ நடந்த சம்பவம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா, அதற்கு முன்பு நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம். அப்புறம் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்று பாருங்கள். இதை மனக்கணக்கில் முடிவு செய்ய முடியாது. மலைப்பாதை வளைவில் கவனக்குறைவாக ஓட்டி ஒருவர் இறந்துபோனால் வரும் 106(1) பிரிவுக்கு ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு, ஆனாலும் அது ஜாமீனில் விடக்கூடியது. ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருளைத் திருடியதாக வரும் 303(2) அப்படி இல்லை, அதில் ஜாமீன் தருவதும் தராததும் நீதிபதி கையில். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 35(3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடலாம். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள், போகாமல் இருப்பதுதான் கைதுக்கு வழி திறந்துவிடும். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் இவர்களைச் சாட்சி விசாரணை என்று ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். விசாரணையில் சொன்னதைப் போலீஸார் எழுதிக்கொண்டால் அதில் கையெழுத்துக் கேட்கக் கூடாது. வெள்ளைத் தாளில் யார் கேட்டாலும், எவ்வளவு தெரிந்தவர் கேட்டாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவலில் வைக்க உத்தரவிடும், அதாவது ரிமாண்ட் செய்யும் அந்தச் சில நிமிடங்களில் நம் பக்கம் ஒரு வக்கீல் நிற்பது பெரிய விஷயம். போலீஸார் அடித்திருந்தால் அப்போதே நீதிபதியிடம் சொல்ல வேண்டும், மருந்து சாப்பிடுகிறவர் என்றால் அதையும்.

நீலகிரியில் போலீஸ் கேஸைப் போலவே வனத்துறை கேஸும் சகஜம், அதைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டிவிட்டால், அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள, மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற விலங்கு. குற்றம் நிரூபணமானால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. இங்கே வழக்கு ரேஞ்சர் ஆபீஸிலிருந்து நேராக மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து, அதைக் கேட்டுப் பொருள் எதையும் கைப்பற்றிய பகுதி நீங்கலாக, ஒருவரைத் தண்டிக்க முடியாது. வன அதிகாரி போலீஸ் அதிகாரி ஆகமாட்டார் என்பதால் அவரிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். ‘சும்மா ஒத்துக்கோ, ஃபைன் கட்டிவிட்டுப் போயிடலாம்’ என்று சொன்னால் வக்கீல் வரும் வரை பொறுங்கள். கஞ்சா வழக்கு என்றால் எடையைப் பாருங்கள், ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவில் ஜாமீன் கிடைப்பது மிகக் கஷ்டம்.

சரி, வக்கீல். கோயம்புத்தூரில் பெரிய பெயருள்ள வக்கீலைப் பிடித்தால் கேஸ் ஜெயித்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் நிறைய இருக்கிறது. என் கருத்து வேறு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேஸ் வருடக்கணக்கில் வாய்தா வாய்தாவாக நகரும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் யாராவது ஆஜராக வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் கீழேயிருந்து வருபவர் வரமாட்டார், ஜூனியரும் வரமாட்டார். அன்று நீங்களும் போகாமல் இருந்துவிட்டால் பிடிவாரண்ட். ஊட்டியில் மாவட்ட நீதிமன்றம், குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூரில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் என்று இருக்கும்போது, உங்கள் கேஸ் எந்தக் கோர்ட்டில் இருக்கிறதோ அங்கே தினமும் நிற்கிற ஒருவரைத் தேடுங்கள். சம்பவம் நடந்த சந்தையும் எஸ்டேட் லைன் வீடும் எப்படி இருக்கும் என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை, குறுக்கு விசாரணையில் அது உதவும். முன்ஜாமீனோ மேல்முறையீடோ உயர் நீதிமன்றம் வரை போனால் மட்டும் வெளியூர் ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். நீலகிரிக்குச் சென்னை, கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளை.

தேடுவது எப்படி? கோர்ட்டுக்கே ஒரு காலை போய் உட்காருங்கள். யார் கோப்பைப் படித்துவிட்டுப் பேசுகிறார், யார் தன்னிடம் கேஸ் கொடுத்தவரைக் கூப்பிட்டு அடுத்த தேதியைச் சொல்லிவிட்டுப் போகிறார் என்பது ஒரே காலையில் தெரிந்துவிடும். ஸ்டேஷன் வாசலில் தானாக வந்து விசிட்டிங் கார்டு நீட்டுபவரை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். பிடித்தவரைச் சந்திக்கும்போது இதே பிரிவில் எத்தனை கேஸ் முழு விசாரணை வரை நடத்தியிருக்கிறார், வாய்தாவுக்கு அவரே வருவாரா, ஜாமீன் மனுவுக்குத் தனி ஃபீஸா, நகல் செலவும் குமாஸ்தா செலவும் யாருடையது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ‘நிச்சயம் விடுதலை’ என்று உறுதி தருபவரை விட்டு விலகுங்கள். ஜெயித்தால் இவ்வளவு என்று ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள், உங்களுக்காக ஆஜராக அவருக்கு அதிகாரம் தரும் பத்திரமான வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் கேஸ் எண்ணும் பெயரும் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஈகோர்ட்ஸ் ஆப்பில் ஒவ்வொரு கேஸுக்கும் தரப்படும் சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த தேதி உங்கள் போனிலேயே தெரியும், வக்கீல் சொன்னதோடு ஒத்துப்பார்க்கலாம்.

ஃபீஸ் கட்ட வழியில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் 1987-ஆம் ஆண்டு சட்டப்படி இலவச வக்கீல் உண்டு, இவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோரும் இதில் வருகிறார்கள். பணியர் கிராமங்களில் இதை யாரும் போய்ச் சொல்லாததால், சின்ன வழக்குகளில் கூட ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் உள்ளேயே கிடக்கும் நிலை வருகிறது, மனசு கேட்கவில்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம்.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் நாள் ஓடும். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது அல்லது சிட்டாவோடு இரண்டு பேரை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் ஒரு வாரமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால், வசதியில்லாதவர் என்று கருதிச் ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விடச்சொல்லிக் கேட்கலாம். குற்றப்பத்திரிகை 60 நாளில், மரணம், ஆயுள், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனையுள்ள குற்றங்களில் 90 நாளில், வணிக அளவு கஞ்சா வழக்கில் 180 நாளில் வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்பே மனுப் போட்டாக வேண்டும், அதனால் ரிமாண்ட் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.

வாய்தாவுக்கு அலைய முடியவில்லை என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதற்கு முன்னால், அதுவும் தண்டனைதான், பாஸ்போர்ட்டிலும் அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பிலும் அது வரும் என்பதை வக்கீலிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். அவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். ஆட்சேபனை இல்லை என்று வக்காலத்தில் எழுதி வாங்கி, கேஸ் நகல்களையும் கையோடு வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போங்கள்.