கடலோர நடைபாதையில் தொட்டு விளையாடும் கலைப்படைப்பு

இராமேசுவரம், மண்டபம், கீழக்கரை போன்ற ஊர்களின் கடலோர நடைபாதைகளில், மக்கள் தொட்டும் சுழற்றியும் மகிழும் கலைப்படைப்பு ஒன்றை நிறுவ விரும்புவோர், மின்சாரத்தைவிடக் காற்றையும் அலையையும் நம்புவது நல்லது. குரோவேசியாவின் சாதர் நகரில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘கடல் ஆர்கன்’ என்னும் குழல் இசைக்கருவி இதற்கு அருமையான முன்மாதிரி. கட்டடக் கலைஞர் நிக்கோலா பாசிச் வடிவமைத்த, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள அந்தப் படிக்கட்டின் அடியிலுள்ள 35 குழாய்களில் அலை காற்றைத் தள்ள, அமர்ந்திருப்போரின் காலடியிலிருந்தே இசை எழுகிறது.

பாக் நீரிணைப் பக்கம் அலை பெரும்பாலும் தணிந்தே இருப்பதால், அங்கே நடப்பவர்கள் கையால் திசை திருப்பக்கூடிய பெரிய பனையோலைக் காற்றாடிகளை வரிசையாக நடலாம். பனை நம் மாவட்டத்தின் மரம் என்பதால் அது ஊரோடு இயல்பாகப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது உப்புக் காற்றைத்தான். சாதாரண இரும்பு விரைவில் துருப்பிடிக்கும், 304 வகைத் துருப்பிடிக்கா எஃகில்கூடப் பழுப்புக் கறை படியும் என்பதால், அச்சுக்கும் திருகாணிக்கும் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 வகை எஃகையே கேட்டு வாங்க வேண்டும். நண்பகல் வெயிலில் உலோகம் கையைச் சுடும். ஆகவே கைப்பிடிகள் மரத்தால், சிறுவர்க்கும் சக்கர நாற்காலியில் வருவோர்க்கும் எட்டும் உயரத்தில் அமையட்டும். கிழியும் ஓலைகளை மாற்றித் தரும் பொறுப்பை, உள்ளூர் ஓலைப் பின்னல் தொழிலாளரிடம் கூலியுடன் தொடக்கத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.