கட்டில்கால் வேறு, கிண்ணம் வேறு

மட்டக்களப்பில் கடைசல் என்றால் ஆட்களுக்கு முதலில் நினைவு வருவது கட்டில்கால். அப்புறம் கதிரைக்கால், உலக்கை, மத்து, பம்பரம். கிண்ணம் கடைகிறேன் என்றால் "அதுக்கென்ன, சிரட்டை இருக்குத்தானே" என்பார்கள். ஆகவே பொழுதுபோக்காகக் கிண்ணம் கடையப் பழகுகிறவர் இங்கே யாரிடம் கேட்டாலும் அது கட்டில்கால் கடைந்து பழகிய ஆளாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் பழகினேன். அவர்கள் சொல்லித் தந்ததில் பிழை இல்லை. அதை அப்படியே கிண்ணத்தில் செய்துபார்த்தேனே, அங்கேதான் பிழை.

கட்டில்காலில் மரத்தின் நார் லேத்தின், அதாவது மரத்தைச் சுழற்றும் எந்திரத்தின், நீளத்துக்கே ஓடும். எவ்வளவு சுற்றினாலும் உளி நாரின் பக்கவாட்டை மட்டுமே சீவும். கிண்ணத்துக்கு மரத்தைப் பலகைபோல வைத்துப் பூட்டுகிறோம், நார் குறுக்கே கிடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் நாரின் பக்கமும் இரண்டு தரம் அதன் வெட்டுமுகமும் உளிக்கு முன்னால் வரும். நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் 1600 தடவை நாரின் பக்கமும் வெட்டுமுகமும் மாறிமாறி உளியைத் தட்டுகின்றன. கீழே சொல்லும் பிழைகளில் பாதி இதை மறந்ததால் வருபவை.

முதலாவது, உளி. கட்டில்காலுக்குச் சதுரக் கட்டையை உருட்டி எடுக்கும் அகலமான அரைவட்ட உளியைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. அதன் வாய் அகலம். ஆனால் பிடிக்குள் போகும் வால் மெல்லிய தகடு. கிண்ணத்தின் வெட்டுமுகம் அதைக் கவ்வினால் வால் முறியும், அல்லது உளி கையை விட்டுப் பறக்கும். எனக்கு முறியவில்லை. மாங்கட்டை ஒன்றில் 'டக்' என்று ஒரு சத்தம். உளி, அதைத் தாங்கும் ரெஸ்டில் குத்தி நின்றது, கட்டை அதைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கை விட்டுக் கழன்று தகரக் கதவில் மோதியது. அந்த நெளிவு இன்னும் கதவில் இருக்கிறது. கிண்ணத்துக்கென்று விற்கிற குழி உளி உருண்டைக் கம்பியில் குடைந்து எடுத்தது, வால் என்று தனியாக மெலிந்த இடம் கிடையாது. விலை கூடத்தான். முதல் காசை அதற்குத்தான் போட வேண்டும், லேத்துக்குக்கூட அப்புறம்தான் என்பேன்.

பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கும் பழக்கமும் நம் பட்டறைகளில் உண்டு. அரத்தின் இரும்பு கடினம், ஆனால் கண்ணாடிமாதிரி உடையும். லொறி ஸ்பிரிங் பட்டையில் கொல்லன் அடித்துத் தரும் உளி அவ்வளவு மோசமில்லை, வாய் சீக்கிரம் மழுங்கும், அவ்வளவுதான். அரம் வேண்டாம்.

இரண்டாவது, வேகம். பட்டறை லேத்தில் பெல்ட் கட்டில்காலுக்கு ஏற்றபடி, 1500 சுற்று என்ற கணக்கில் போட்டிருக்கும். மூன்று அங்குலக் கட்டில்காலின் விளிம்பு அந்த வேகத்தில் மணிக்கு 21 கிலோமீற்றர் அளவில் ஓடும், சைக்கிள் வேகம். அதே 1500இல் பத்து அங்குலக் கிண்ணத்தைப் பூட்டினால் விளிம்பின் வேகம் 72 கிலோமீற்றர். கல்முனை ரோட்டில் பறக்கிற பஸ்! அதுவும் ஐந்து கிலோவுக்குக் கிட்டிய, ஒரு பக்கம் பாரம் கூடிய பச்சைக்கட்டை. விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்றோடு பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும் என்பது கடைசல்காரர் உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு. பத்து அங்குலத்துக்கு 600 முதல் 900. கட்டை உருண்டையாகும்வரை அதிலும் குறைவு. லேத் ஆடினால் வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் பாதியில் நின்ற லேத்தை அப்படியே விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். சுவிட்ச் போட்டபடி. திரும்பி வந்து ரெஸ்டை நகர்த்தக் கை வைத்த நேரம் கரண்ட் வந்தது. நகத்தில் ஒரு கீறலோடு தப்பியது கிண்ணம் சின்னதாய் இருந்ததால்தான். கரண்ட் போனால் சுவிட்சை நிறுத்துங்கள், பிளக்கையும் கழற்றுங்கள். ரெஸ்டை நகர்த்தியதும் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிக் கவசம் கட்டாயம். நீளக்கைச் சட்டை, கழுத்துத் துண்டு, மோதிரம் எல்லாம் வெளியில்.

வெட்டும் திசையைப் பலர் கவனிப்பதில்லை. கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து வாய்க்கும், உட்புறத்தை வாயிலிருந்து நடுவுக்கும் வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் நார் பிய்ந்து, இரண்டு இடத்தில் மட்டும் சொரசொரவென்று நிற்கும். அதைச் சாண்ட் பேப்பரால் சரிக்கட்ட முடியாது. உளியை முதலில் ரெஸ்டில் வையுங்கள். அப்புறம் தீட்டிய சாய்முகத்தை மரத்தில் உரச விட்டு, பிடியை மெல்ல உயர்த்தி உளியின் வாய் வெட்டத் தொடங்கும்வரை பொறுங்கள். எனக்குப் பழக்கிய ஓடாவியார் "தம்பி, உளி மரத்தில சாய்ஞ்சு படுக்கோணும், குத்தக்கூடா" என்பார். கட்டில்காலுக்குச் சொன்னதுதான், ஆனால் இது கிண்ணத்துக்கும் பொருந்தும்.

பூட்டுவதில் இரண்டு பிழை. கட்டையை ஸ்குரூவால் பூட்டும் இரும்புத் தட்டான ஃபேஸ் பிளேட்டுக்குக் கறுப்பு ஜிப்சம் ஸ்குரூ போடுவது ஒன்று. அது வளையாது, தலை முறியும். சக்கில் பிடிக்கக் கட்டையின் அடியில் விடும் குமிழை நீளமாக விடுவது மற்றது. குமிழின் நுனி சக்கின் அடியைத் தொடக்கூடாது, அதன் தோள்தான் தாடைகளில் உட்கார வேண்டும். அகலம் கிண்ணத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும்.

இனி மரம். கையில் பழக்கம் வந்த பிறகும் என்னை அதிகம் அழவைத்தது இதுதான்.

தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு நம் பக்கம் வெறும் சூடாக இறங்குகிறது, அதுதான் கச்சான். ஆனி, ஆடியில் நெல் காய நல்லது, உடுப்புக் காய நல்லது, பச்சை மரத்துக்கு எமன். கல்லடியில் வேலியோரம் விழுந்த பூவரசு ஒன்றின் அடித்துண்டை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தேன். சனி காலை பார்த்தால் நடுநெட்டியிலிருந்து வெளியே நட்சத்திரம் மாதிரி ஐந்து வெடிப்பு. விரல் நுழைகிற அளவு. விறகாகத்தான் போனது.

செய்ய வேண்டியது இது: துண்டை வட்டமாக விடாமல் அன்றைக்கே நெட்டியோடு இரண்டாகப் பிளந்து, நெட்டியை நீக்குங்கள். வெட்டுமுகங்களில் மெழுகோ வெள்ளை மரப்பசையோ தடவுங்கள். முடிந்தால் பச்சையாகவே முரடாகக் கடைந்து, சுவரை விட்டத்தின் பத்தில் ஒரு பங்கு தடிப்பில் விடுங்கள், பத்து அங்குலத்துக்கு ஒரு அங்குலம். காகிதப் பையில் போட்டுக் காற்றுப் படாத மூலையில் வையுங்கள். மரம் வளையத்தின் வழியே சுருங்குவது நடுவிலிருந்து வெளியே சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அதனால் கிண்ணம் முட்டை வடிவாகும். அந்தத் தடிப்பு அதை மறுபடி வட்டமாக்கத்தான். வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து, எடையையும் திகதியையும் பென்சிலால் கிண்ணத்தின் அடியிலேயே எழுதுவேன். எடை இறங்குவது நின்றால் இரண்டாம் கடைசல். மாரியில் இது மாதக்கணக்கில் இழுக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். பையை வாரம் ஒருதரம் மாற்றுங்கள்.

எந்த மரம் என்றால், பழகப் பூவரசு. வாவிக்கரையெல்லாம் நிற்கிறது. ஹவாய்த்தீவுக்காரர் இதே மரத்தை மிலோ என்று அழைத்துச் சாப்பாட்டுக் கிண்ணம் கடைந்தார்கள், சாப்பாட்டில் மரவாடை ஏறாது என்பதால். மாமரமும் நல்லது. தென்னை அழகுதான், ஆனால் உளியின் வாயைத் தின்றுவிடும். முதிரையின் பளபளப்பில் மயங்காதீர்கள். அதன் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் கொண்டுவரும். பெர்மிட் இல்லாமல் ஏற்றிக்கொண்டு வரவும் முடியாது. மரக்காலையில் பில்லோடு வாங்கிய வெட்டுத்துண்டு போதும். எந்த மரமானாலும் சாண்ட் பேப்பர் பிடிக்கும்போது தூசிக்கு நல்ல மாஸ்க் போடுங்கள்.

சாண்ட் பேப்பரில் 80ஆம் நம்பரிலிருந்து நேரே 320க்குத் தாவாதீர்கள். 120, 180, 240 என்று ஏற வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் பட்டதும் பழைய கீறல் எல்லாம் எழுந்து நிற்கும். ஓடும் கிண்ணத்துக்கு எண்ணெய் பூசத் துணி எடுக்கவே வேண்டாம். துணி சுற்றினால் விரலையும் கூட்டிக்கொண்டு போகும். டிஷ்யூ பேப்பர் கிழிந்துவிடும், கை தப்பும்.

எண்ணெயில் தேங்காயெண்ணெய் காயாது, ஆனால் சீக்கிரம் ஊசிப்போகவும் செய்யாது. அவ்வப்போது மீண்டும் தடவினால் சரி. நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். கடையில் லின்சீட் எண்ணெய் வாங்கினால் இன்னொரு எச்சரிக்கை: அது தோய்ந்த துணியையோ டிஷ்யூவையோ கசக்கி மூலையில் எறியாதீர்கள். காயும்போது அது தானாகச் சூடேறும், மரத்தூள் குவியலுக்குள் கிடந்தால் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே வேலியில் விரித்துவிடுங்கள்.