பெஞ்ச் பிரஸ் அடிக்கதுக்கு முன்னால தோள்பட்டைய செட் பண்ணுங்க தம்பிகளா

பெஞ்ச் பிரஸ்னா பெஞ்சுல மல்லாக்கப் படுத்து, வெயிட்டு மாட்டுன ராடை நெஞ்சு வரைக்கும் இறக்கி ஏத்துதது. பாளையங்கோட்டைல நான் போற ஜிம்முல திங்கக்கிழமை சாயங்காலம் பெஞ்சுக்கு வரிசைல நிக்கணும், எல்லாரும் அன்னைக்குத்தான் செஸ்ட் அடிக்காங்க, ஆனா முக்காவாசி பேரு படுத்த உடனே ராடை எடுத்து அடிக்க ஆரம்பிச்சிருதாங்க. நானும் அப்படித்தான் அடிச்சேன், ஆறு மாசம் இடது தோள் முன்பக்கம் வலி, சட்டை போட கைய பின்னால கொண்டுபோனாலே சுள்ளுன்னு இருக்கும்.

வடலிவிளைல பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குதவங்கள பாருங்க, எடுத்த உடனே தோளுக்கு ஏத்த மாட்டாங்க, குத்தவச்சு பிடிய சரிபண்ணி, மடில ஏத்தி, நெஞ்சோட அணைச்சு, பொறவுதான் தோளு. பெஞ்சும் அப்படித்தான்.

படுத்தா கண்ணு ராடுக்கு நேர் கீழ இருக்கணும். முதுகுல ரெக்கை மாதிரி இருக்கிற ரெண்டு எலும்பையும் பின்னால நெருக்கி இடுப்பு பக்கமா கீழ இறக்குங்க, நெஞ்சு தானா மேல வரும். எங்க மாஸ்டர் ஒரு துண்டோட நுனிய அந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல வச்சுட்டு செட்டு (நிறுத்தாம அடிக்கிற ஒரு சுத்து) பாதில லேசா இழுத்துப் பாப்பாரு, துண்டு உருவிட்டு வந்துச்சுன்னா ராடை வைக்கச் சொல்லிருவாரு. எனக்கு மூணு வாரம் உருவிட்டேதான் வந்துச்சு. அது நின்னப்பதான் தோள் வலியும் கொறைஞ்சது. கால் ரெண்டும் தரைல அழுத்தி நிக்கணும், குண்டி பெஞ்ச விட்டு எழும்பக்கூடாது.

பிடி தோள விட கொஞ்சம் அகலம். ராடு உள்ளங்கைல அடிப்பக்கமா உக்காரணும், விரல் பக்கம் போச்சுன்னா மணிக்கட்டு பின்னால மடங்கி வலிக்கும், கட்டைவிரல கண்டிப்பா சுத்திப் பிடிங்க, இல்லன்னா ராடு வழுக்கி நெஞ்சுல விழும்.

மூச்ச இழுத்துப் பிடிச்சுட்டு மெதுவா இறக்குங்க, முழங்கைய சிலுவை மாதிரி நேரா விரிக்காதீங்க, உடம்போட 45லருந்து 70 டிகிரிக்குள்ள இருக்கட்டும். ராடு தொடுத இடம் மார்க்காம்பு மட்டம் இல்லன்னா அதுக்கு கொஞ்சம் கீழ, அங்க தட்டி எழுப்பக்கூடாது. ஏத்துதப்ப நேர் மேல போகாம லேசா தலைப்பக்கமா சாஞ்சு தோளுக்கு மேல போய் நிக்கணும், கஷ்டமான பாதிய தாண்டுன பொறவு மூச்ச விடுங்க.

ஒலிம்பிக் ராடுன்னா வெறும் ராடே 20 கிலோ, மொத ரெண்டு செட்டு அதுலயே அடிங்க. 8 ரெப்ஸ் (8 தடவை ஏத்தி இறக்குதது) 3 செட்டு சுத்தமா வந்தா மட்டும் சைடுக்கு 1.25 கிலோ ஏத்துங்க.

இன்னொன்னு ரொம்ப முக்கியம், பிடிக்க ஆள் இல்லாம தனியா அடிச்சா, பிளேட்டு கழறாம இருக்க ராடு நுனில போடுத கிளிப்ப மாட்டாதீங்க. ஒரு காலேஜ் தம்பி கிளிப் மாட்டிட்டு 60 கிலோல மாட்டிக்கிட்டான், ராடு கழுத்துப் பக்கம் உருளுது, சத்தம் கூட வரல, நாங்க ரெண்டு பேரு ஓடிப்போய் தூக்குனோம், இப்ப நெனச்சாலும் பக்குன்னு இருக்கு. கிளிப் இல்லன்னா ஒரு பக்கமா சாய்ச்சு பிளேட்ட தள்ளி விட்டுறலாம். கிளிப் இருந்தா ராடை வயித்து மேல இடுப்புக்கு உருட்டிட்டு எந்திரிச்சு உக்காருங்க, கழுத்துப் பக்கம் மட்டும் விட்டுறாதீங்க.

தோள் முன்னால குத்துச்சுன்னா தைலத்த தேச்சுட்டு அதே வெயிட்ட அடிக்க வேண்டாம், வெறும் ராடுக்கு எறங்கி துண்டு வச்சுப் பாருங்க, அதுலயும் குத்துனா டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க.