குதிரையை மாடு மாதிரி வளர்க்காதீர்கள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஆசையாகக் குதிரை வாங்கி, நேராக மாட்டுக் கொட்டகையில் கட்டி, மாட்டுக்குப் போடுவதையே அதற்கும் போடுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். தொல்லை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசைபோட்டுச் செரித்துக்கொள்ளும். குதிரைக்கு ஒற்றை வயிறு, அதுவும் சின்னது, தின்ற புல் பின்குடலுக்குப் போய்த்தான் செரிக்கும், ஒத்துக்கொள்ளாததைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவும் அதால் முடியாது. அதனால் காலையில் ஒரு கட்டு, ராத்திரி ஒரு கட்டு என்றில்லாமல், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மென்றுகொண்டே இருக்கும்படி போடுங்கள். 350 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த தீவனம் 6, 7 கிலோ வேண்டும். பச்சைப்புல்லில் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால் அதுவானால் நாலு மடங்கு. அருகம்புல் நல்லது. பூஞ்சணம் பிடிக்காத நிலக்கடலைக் கொடி போடலாம், தூசி தட்டிவிட்டு. தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும், வெயில் காலத்தில் 40 லிட்டருக்கு மேலும் குடிக்கும்.

கொள்ளு? வேகவைத்துக் கொடுங்கள், ஆனால் புல்லுக்குப் பதிலாக அல்ல. தானியமும் தவிடும் சேர்த்து ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம், வேலையே செய்யாமல் நிற்கிற குதிரைக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. தீவனத்தை மாற்றுவதானால் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். மிச்சமான கோழித் தீவனத்தைக் குதிரைக்கு வைக்கவே வைக்காதீர்கள். அதில் சேர்க்கும் மோனென்சின் மாதிரி மருந்து கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

இப்போது மேய்ச்சல். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடுகளில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்தான் அதிகம், மாடு அதில் கொழுத்துப் போகும். குதிரைக்கு அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் சிக்கல், ஏனென்றால் அந்தப் புல்லிலும் கோ-4 மாதிரி நேப்பியர் தீவனப்புல் வகைகளிலும் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும், மாட்டின் வயிறு அதைச் சமாளித்துக்கொள்கிறது, குதிரையின் உடம்போ எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். முதலில் காரணம் தெரியாத நொண்டல், அப்புறம் முகத்தில் இரண்டு பக்கமும் எலும்பு வீங்கும். கோதுமைத் தவிட்டை அள்ளிப் போடுவதும் இதே வேலையைத்தான் செய்யும், அதில் பாஸ்பரஸ் அதிகம். குதிரைமசால் என்ற தீவனப்பயிரைச் சேர்த்துக் கொடுங்கள், சுண்ணாம்புச் சத்துக் கலவை எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சூபாபுல் தழையைத் தவிருங்கள், பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும்.

காட்டை இரண்டு மூன்றாகத் தடுத்து மாற்றி மாற்றி விடுங்கள், புல் நாலு விரல் உயரத்துக்குக் கீழே போகும் முன்பே அடுத்த பக்கம். சாணியை வாரம் இரண்டு முறை அள்ளிவிட்டால் பாதிப் புழுத்தொல்லை குறையும். குதிரைக்குப் பின்னால் மாட்டை விடுவதும் நல்ல பழக்கம், குதிரைப் புழுவில் பெரும்பாலானவை மாட்டுக்குள் வளராது.

குடற்புழு மருந்தைச் சாணிப் பரிசோதனை பார்த்துக் கொடுப்பதே சரி. ஆணி குத்தினாலே டெட்டனஸ் வரக்கூடிய உடம்பு அது, தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடுங்கள். குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும், பல்லை வருஷத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வீக்கம், மெலிவு என்றால் கடிக்கும் ஈ பரப்பும் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். புதுக்குதிரை வாங்கும்போது கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் இல்லை என்ற சோதனைச் சான்று கேட்பது உங்களுக்காகவும்தான், அது மனிதருக்கும் தொற்றும்.

காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, சாணி போடாமல் நிற்பது, இதெல்லாம் வயிற்றுவலி. தீவனத்தை எடுத்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், ஆள் கிடைக்காவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுங்கள். மூங்கில் குழாயால் வாயில் எண்ணெய் ஊற்றுவது மட்டும் வேண்டாம், நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. டாக்டர் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டுத்தான் கொடுப்பார். அவர் வருவதற்குள் கடைசியாக எப்போது சாணி போட்டது, என்ன தின்றது, நாடித்துடிப்பு எவ்வளவு என்று குறித்து வையுங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும், 60-ஐத் தாண்டினால் அதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.