தினமும் உட்கொள்ளும் மருந்து உடலில் எவ்வளவு சேரும்? கணக்கிடும் முறை

ஒரு மருந்தைத் தொடர்ந்து சாப்பிடும்போது அது உடலில் எந்த அளவு வரை சேரும், அந்த அளவை எட்ட எத்தனை நாளாகும் என்பதை ஓரளவு நாமே கணக்கிடலாம். அதற்குத் தெரிய வேண்டியது அம்மருந்தின் அரை ஆயுட்காலம், அதாவது இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ இதைத் தயங்காமல் கேட்கலாம்.

அரை ஆயுட்காலம் 24 மணி நேரம் உள்ள ஒரு மருந்தை நாள்தோறும் 100 மில்லிகிராம் எடுப்பதாகக் கொள்வோம். மறுநாள் மாத்திரை போடும் வேளையில் 50 மிச்சமிருக்கும். புதிய மாத்திரை சேர்ந்து 150 ஆகும். அது 75 ஆகக் குறைந்து மீண்டும் 175 ஆகும், அடுத்து 187.5, அதன்பின் 193.75. இவ்வாறு ஏற்றம் சிறுத்துக்கொண்டே வந்து 200-ஐ ஒட்டி நின்றுவிடும். இருப்பு கூடக்கூட ஒரு நாளில் வெளியேறும் அளவும் கூடுவதால், 200-ல் பாதியான 100 வெளியேற, உள்ளே வருவதும் அதே 100 ஆகிவிடுகிறது. இந்தச் சமநிலைக்கு ஏறத்தாழ ஐந்து அரை ஆயுட்காலம் தேவை. மருந்தின் அளவை இரட்டித்தால் சமநிலையின் உயரம் இரட்டிக்குமே தவிர, அதை எட்டும் காலம் குறையாது.

இனி உண்மையான மருந்துகளுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பாராசிட்டமாலின் அரை ஆயுட்காலம் 2 முதல் 3 மணி நேரம். ஆறு மணி நேர இடைவெளியில் சிறிதளவே மிஞ்சும். தைராய்டு சுரப்புக் குறைவுக்குக் கொடுக்கப்படும் தைராக்சினுக்கோ அது ஏறத்தாழ 7 நாள். எனவே சமநிலைக்கு ஐந்து வாரம் ஆகும். அப்போது உடலில் இருப்பது ஒரு நாள் மருந்தைப்போல் பத்து மடங்குக்கும் சற்று அதிகம். மாத்திரையின் அளவை மாற்றியபின் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனைக்கு 6 முதல் 8 வாரம் கழித்து வரச் சொல்வது இதனால்தான். பத்தே நாளில் பரிசோதித்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

மிகுந்த கவனம் தேவைப்படுவது இதயத்துக்குக் கொடுக்கப்படும் டிகாக்சினுக்கு. சிறுநீரகம் நன்றாக உள்ளவரிடம் அதன் அரை ஆயுட்காலம் 36 முதல் 48 மணி நேரம். சிறுநீரகம் பெரிதும் பழுதுபட்டவரிடம் அது நான்கைந்து நாளாக நீளக்கூடும். அதே மாத்திரை, அதே வேளை என்றாலும் சமநிலை இரண்டு மடங்குக்கு மேல் உயரும். அதுவும் முதல் வாரத்தில் அன்றி, மூன்று வாரம் வரை மெல்ல மெல்ல உயரும். ஆகவே வயதானவருக்கு இம்மருந்து தொடங்கி நாள்கள் கழிந்தபின் பசியின்மை, குமட்டல், பொருள்கள் மஞ்சளாகத் தெரிதல் போன்றவை தோன்றினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். இரத்தத்தில் டிகாக்சின் அளவைப் பார்ப்பதானால், மாத்திரை சாப்பிட்டுக் குறைந்தது ஆறு மணி நேரம் கழித்தே இரத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும்.

வலிப்புக்கான ஃபெனிட்டாயினுக்கு மட்டும் இக்கணக்கைப் போட வேண்டாம். அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் வழக்கமான அளவிலேயே திணறத் தொடங்குவதால், மாத்திரையைச் சிறிது கூட்டினாலும் இரத்த அளவு பன்மடங்கு ஏறிவிடலாம்.